கையெழுத்துப் போட்டவர்களின் முதுகு

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பதினேழு நிமிடத்துக்கு, பதினோராம் எண் நகரப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவரின் வலது கெண்டைக்காலில் பிரம்படி ஒன்று விழுந்தது. பேருந்தில் அப்போது நாற்பத்தாறு பேர் இருந்தார்கள்; பிரம்பு ஒருவரிடமும் இல்லை. அடி விழுந்த வேகத்தில் கால் ஆக்சிலேட்டரை அழுத்திவிட, பேருந்து நடைபாதையில் ஏறி, மூடிக் கிடந்த செருப்புக்கடையின் ஷட்டரைக் கிழித்துக்கொண்டு பாதி உடம்போடு உள்ளே போய் நின்றது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு முன்பற்கள் இரண்டு போயின. ஒரு பெண்ணின் மணிக்கட்டு உடைந்தது. கண்டக்டர் டிக்கெட் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி பின்படியில் போய் விழுந்தார். இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநரை அந்த ஊரில் எல்லோரும் 'டம்ளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு வண்டியெடுத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசி நிறுத்தம் போய்ச் சேருவார் என்பதால் வந்த பெயர். விசாரிக்க வந்த காவலருக்கு இந்தக் கதை தெரியாது. பெயரைக் கேட்டதுமே அவர் ஓட்டுநரை வாயை ஊதிக் காட்டச் சொன்னார்.

வாயில் ஒன்றும் இல்லை. பணிமனை மேலாளர், கோப்பில் எழுதப்படாத எதையும் நம்பாதவர், அன்றே ஓட்டுநரைத் தன் அறைக்கு வரவழைத்து, கால்சட்டையைச் சுருட்டிக் காட்டச் சொன்னார். கெண்டைக்காலில் சுண்டுவிரல் தடிமனுக்குச் சிவந்து எழும்பிய கோடு இருந்தது. அதை அவர் அளவுகோலால் அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு காலில் தோல் முதலில் வெளுத்து, பிறகு சிவந்து, அதே தடிமனில் எழும்பியது. ஓட்டுநர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். மேலாளர் பேனாவைத் திறந்து எழுதினார்: 'மாலை 5.02. ஊழியரின் இடது காலில் அடி. அடித்தவர் எவருமில்லை. அறையில் ஊழியரும் நானும் மட்டுமே. நான் அடிக்கவில்லை.' கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு முறை கோடிட்டார்.

அந்த வாரம் ஊரில் இதுபோலப் பல நடந்தன. மருந்துக்கடைக்காரர் ஏணியில் நின்று மேல்தட்டிலிருந்து இருமல் மருந்தை எடுக்கும்போது விரல்முட்டிகளில் அடி விழுந்து, பதினெட்டு புட்டிகளோடு கீழே வந்தார். வங்கியின் காசாளர் அம்மாள், ஒன்பது பேர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கவுண்டருக்குள்ளேயே கன்னத்தில் அறை வாங்கினார். வரிசையின் முதல் ஆள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "நான் இல்லம்மா" என்றார். முடிதிருத்துபவருக்கு நேர்ந்ததுதான் மோசம். வாடிக்கையாளர் ஒருவரின் தொண்டையில் சவரக்கத்தி இருந்த நேரத்தில் அவருடைய காதை யாரோ முறுக்கினார்கள். கத்தி வழுக்கியது. ஏழு தையல். உள்ளூர்ப் பத்திரிகை இதையெல்லாம் தொகுத்து, வெங்காய விலைக்குக் கீழே ஆறாம் பக்கத்தில் போட்டது. மருத்துவர் தோல் ஒவ்வாமை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே களிம்பை எழுதிக் கொடுத்தார்.

உண்மை அந்த மருத்துவரின் காத்திருப்பு பெஞ்சில்தான் தெரியவந்தது. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, அடிபட்டவர்கள் பதினோரு பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். பொழுதுபோக்காக ஒருவரையொருவர் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. நான்கிலிருந்து ஆறு. முடிதிருத்துபவர்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாம எல்லாரும் ஒருத்தரையொருத்தர் ஒரே எடத்துலதானே பாத்திருக்கோம்? டான்ஸ் கிளாஸ் வாசல்ல." பதினான்காம் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டும் எவரும் எழுந்து போகவில்லை.

டான்ஸ் கிளாஸ், தண்ணீர் பம்புகள் விற்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. மரத்தளம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்துக்கொண்டு காலைத் தூக்க இரும்புக் கம்பி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு, ஐம்பத்து மூன்று குழந்தைகள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது. வந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்பார் மாஸ்டர். அவரிடம் படித்த நான்கு பேர் தலைநகரின் பெரிய மேடைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் படங்கள் படிக்கட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. தளத்தில் தட்டித் தாளம் போடுவதற்கென்று அவர் ஒரு பிரம்பு வைத்திருந்தார். மூலையில் பாட்டு போடுவதற்கென்று ஒரு பெண் இருந்தாள். பதினோரு வருடங்களாக அவளுடைய வேலை, பாட்டை ஓடவிடுவது, நிறுத்துவது, ஏதாவது ஒரு பிள்ளை கத்தி அழுதால் சத்தத்தைக் கூட்டுவது. கடைசியாகச் சொன்னதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே அவள் விரல் தானாகக் கற்றுக்கொண்டது. சேர்க்கைப் படிவம் மஞ்சள் தாளில் இருக்கும். 'என் பிள்ளையைத் திருத்தி ஆளாக்கும் முழு உரிமையையும் மாஸ்டருக்கு அளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே பாதுகாவலர் கையொப்பம். தாயோ தகப்பனோ, யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் மேல்தான் அடி விழுந்துகொண்டிருந்தது. ஏன் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்பதை மட்டும் இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை.

ஓட்டுநருக்கு ஒரே மகள், பதினோரு வயது. உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டுப் பழகி, ஒல்லியாக வளர்ந்த பின்னும் அதுவே நிலைத்துவிட்டது. மருத்துவரிடமிருந்து திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் கணக்கு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர் அடிக்கிறாராம்மா?"

"அடிப்பாரு. இந்த வாரம் வலிக்கவே இல்லப்பா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வலிச்சுது."

"எத்தனை நாளா?"

அவள் அளவுகோலை எடுத்துவிட்டு யோசித்தாள். "மூணாங்கிளாஸ்லேருந்து."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. நீங்க ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தீங்க. ஒழுங்கா ஆடினா அவரு ஏன் அடிக்கப்போறாருன்னு கேட்டீங்க."

அவருக்கு அது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பின்னால் தெரிந்த சின்ன முகமும், தான் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி வாயால், கத்தி வெட்டிவிடாமல் அதைச் சொன்னதும் வரி பிசகாமல் வந்தன. அன்றைய மிச்சப் பொழுதில் அவர் தன் இரண்டு கெண்டைக்கால்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் ஆறு கோடுகள். மூன்று வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊரார் வெளியாட்களிடம் சொல்வதில்லை. எல்லோரும் மறுநாளே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லத்தான் அவர்களுக்கு ஆசை. நிறுத்தியவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. மாநிலப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. அதில் தேறும் குழந்தைகளை அரசுக் கலைப்பள்ளி தானே எடுத்து வளர்க்கும். ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடையில் கூடிய பெற்றோர், அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பழமொழியில் தொடங்கி, மாஸ்டர் இல்லாவிட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வழியாக, பிள்ளைகளுக்குத்தான் இப்போது வலிக்கவில்லையே என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வது என்று தீர்மானம். அதற்குக் கை தூக்கியவர்களில் ஓட்டுநரும் ஒருவர். மகள்தான் அந்த வகுப்பிலேயே முதல் ஆள். அவள் ஒற்றைக்காலில் சுற்றுவதைப் பார்த்துப் பணிமனையே கைதட்டியிருக்கிறது.

சீருடை தைக்கும் ஆலையில் வேலை செய்த அவர் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இதைக் கேட்டாள். "வலி உங்களுக்குன்னு ஆனப்பறம்தான் அவகிட்ட கேக்கவே தோணுச்சு. இப்ப அதையும் பொறுத்துக்கப் போறீங்களாக்கும்" என்றாள். அவர் மகளிடம் திரும்பி, போட்டிக்குப் போகவேண்டுமா என்று கேட்டார். "உங்களுக்குப் போகணுமாப்பா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஒரு புதுப் பழக்கம் உண்டாயிற்று. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் பெற்றோர் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பம்புக்கடைக்கு எதிரே இருந்த நீளமான மதிலில் முதுகு சாய்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வாயில் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு மடித்த துண்டு. தையல் தெரிந்தவர்கள் கெண்டைக்காலுக்குப் பஞ்சு வைத்த உறை தைத்துப் பார்த்தார்கள். அடி உறைக்கு உள்ளே விழுந்தது. மேலே பாட்டு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வரிசையில் ஒருவர் துள்ளுவார், பிறகு இன்னொருவர். நல்ல குடும்பத்து மனிதர்கள் நடுத்தெருவில் வில்லாக வளைவதைப் பார்த்து முதலிரண்டு நாள் கூட்டம் கூடியது. மூன்றாம் நாள் கூட்டம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போனார். "யார் அடிச்சது?" என்று கேட்டார் ஆய்வாளர். "மாஸ்டர்." "எங்க வெச்சு?" "அவரு மாடில இருந்தாரு சார். நான் தெருவுல இருந்தேன்." ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, இதற்கு எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மாடியில் மாஸ்டருக்கு வேறு கவலை. பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். முட்டிக்கு முட்டி தட்டினாலும் அப்படியே நின்று பார்த்தார்கள். திமிர் பிடித்துவிட்டது என்று முதலில் நினைத்தார். பிறகு தன் கையில்தான் வலு குறைந்துவிட்டதோ என்று பயந்தார். மெல்லிய பிரம்பைத் தடித்ததாக மாற்றினார். அதுவும் போதாமல், கீழே பம்புக்கடையில் ஒரு முழம் ரப்பர் குழாய் வெட்டி வாங்கி வந்தார். அந்த வாரம் காசாளர் அம்மாளின் இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவர் இடது கையால் நோட்டு எண்ணப் பழகினார். முடிதிருத்துபவரின் முதுகுத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது, ஈரத்துணி வைத்துத்தான் பிரித்தெடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரின் காரையெலும்பு முறிந்தது தற்செயல் அல்ல. அவருடைய மகள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, எந்த அடிக்கு யார் துள்ளுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். வீட்டில் இடுப்பு வாரால் அவளை அடித்துவந்தவர் அவர். அன்று அவள் வேண்டுமென்றே பதினோரு முறை தாளம் தவறி ஆடினாள். பன்னிரண்டாவது முறை தவறும் முன்பே மதிலோரம் அவர் மயங்கி விழுந்துவிட்டார். அந்தப் பெண்ணை ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இடுப்பு வாரும் அதன்பிறகு அவிழவில்லை.

பட்டாணியும் ஜன்னல் வழியே பார்த்தவள்தான். அவள் செய்தது நேரெதிர். அப்பா மேல் ஒரு அடியும் விழக்கூடாது என்று நூல் பிசகாமல் ஆடினாள். தூக்கத்திலும் கால் எண்ணிக்கொண்டிருந்தது. அதனாலேயே மாஸ்டரின் கண் அவள் மேல் நின்றது. இவளைத்தான் போட்டியில் முன்வரிசையில் நிறுத்த வேண்டும், ஆனால் இடுப்பு இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும் என்று முடிவு செய்தார். போட்டிக்குப் பதின்மூன்று நாள் இருந்த ஒரு சனிக்கிழமை, மற்றப் பிள்ளைகளை ஒருமணி நேரம் முன்னதாக அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே அவரும், அவளும், மூலையில் பாட்டு போடுகிறவளும் மட்டுமே இருந்தார்கள்.

மற்றப் பெற்றோர் பிள்ளைகளோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முதலில் யாரோ தன் இரண்டு கால்களையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் இழுப்பதுபோல இருந்தது. நல்ல பருமனான ஆள் அவர். தெருவில் குப்புறச் சரிந்தார். பிறகு ஒரு முழு மனிதனின் எடை அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தது. முதுகில் எவரும் இல்லை. எடை மேலும் கீழுமாக அழுத்தியது, தாளத்துக்கு அழுத்தியது, எட்டு வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. வலது இடுப்பில் ஈரக் கயிறு அறுவது போன்ற சத்தம் கேட்டது. நாற்பத்தெட்டு வயதில், நூறு கிலோ உடம்பில், எனக்கே இப்படி என்றால் என்று அவர் நினைக்கத் தொடங்கினார். மீதியை நினைக்க முடியவில்லை. துண்டு வாயிலிருந்து விழுந்தது. அவர் அலறினார்.

மேலே சிறுமிக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியில்லாததால் அவள் போதும் என்று சொல்லவில்லை. சொல்லாததால் அவர் நிறுத்தவில்லை. பாட்டு போடுகிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாகக் குழந்தைகளின் அழுகையை மூடிப் பழகிய அவள் காதில், ஜன்னலுக்கு வெளியே ஒரு வளர்ந்த மனிதர் அம்மா என்று கத்துவது விழுந்தது. பழக்கத்தில் விரல் குமிழைத் தேடிப் போயிற்று. சத்தத்தைக் கூட்டினாள். அந்த அலறல் பாட்டுக்கு மேலே வந்தது. இன்னும் கூட்டினாள். குமிழ் கடைசிவரை திரும்பி, அதற்கு மேல் திரும்ப இடமில்லாமல் நின்றது. அலறல் அப்போதும் கேட்டது. அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். "எந்திரிங்க மாஸ்டர்" என்றாள். அவர் திரும்பவில்லை. "எந்திரிடா" என்றாள்.

அவர் எழுந்தது அதற்காக அல்ல, ஆச்சரியத்தில். ஆனால் எடை இறங்கியதும் தெருவில் கிடந்த ஓட்டுநரால் நகர முடிந்தது. இருபத்திரண்டு படிகள். கைகளால் ஊன்றி, வலது காலை மூட்டைபோல் இழுத்துக்கொண்டு, புகழ்பெற்ற நான்கு மாணவர்களின் படங்களுக்குக் கீழே அவர் ஏறினார். அலறல் கேட்டுத் திரும்பிவந்த பெற்றோர் பின்னால் ஏறினார்கள். ஒன்றரை மாத வலி அவர்கள் உடம்பில் பாக்கியிருந்தது. பாட்டு போடுகிறவள் சிறுமியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அறைக்குள் நடந்ததை யாரும் தடுக்கவில்லை. ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாஸ்டரின் காலைப் பிடித்துச் சாய்த்து, மார்பில் குத்தினார். முடிதிருத்துபவர் உதைத்தார். காசாளர் அம்மாள் ஒடியாத கையால் ரப்பர் குழாயை எடுத்தார். கண்ணாடிச் சுவர் உடைந்தது, அதன் துண்டுகள் மேலேயே அவரைப் போட்டு உருட்டினார்கள். கால்மணி நேரம். கைகள் ஓய்ந்து விலகிப் பார்த்தபோது, மாஸ்டர் சட்டை கிழிந்து, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் படுத்திருந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தரையில் இருந்த ரத்தமெல்லாம் அடித்தவர்களுடையது.

"வலிக்கல" என்றார் மாஸ்டர். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. எழுந்து, கிழிந்த சட்டையோடு, படியில் இறங்கி ஓடினார்.

அவருடைய தகப்பனார் ஆறுமணி நேரப் பயணத் தொலைவில் வேறொரு ஊரில் இருந்தார். எண்பத்து நான்கு வயது. மகனை ஆறு வயதில் ஆட்டம் கற்றுக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் விட்டவர். விட்டுவிட்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பத்திரிகை படிப்பாராம். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக் கூடத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது நாற்காலியோடு தரையில் சாய்ந்தார். மருமகள் கண்முன்னால் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. தோலில் கண்ணாடிக் கீறல்கள் விழுந்தன. அந்த வீட்டில் எந்தக் கண்ணாடியும் உடையவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மாஸ்டர் திரும்பிவந்து, எங்கும் போகாமல், பம்புக்கடைக்கு எதிரே அந்த மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார். செய்தி கேட்டுப் பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொன்றது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொல்லப்பட்டவர் செய்ததும் தாங்கள் செய்ததும் ஒன்றே என்பதும் தெரிந்திருந்தது. ஓட்டுநர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்கு நான் கத்துறது கேக்கும்" என்றார் மாஸ்டர். "நாலடி தள்ளித்தான் உக்காந்திருப்பாரு. வெளிய வந்ததும் மூஞ்சியத் தொடச்சிவிட்டு, இன்னிக்கு நல்லா ஆடினியாம்பாரு."

ஓட்டுநர் சொன்னார்: "நானும் அதையேதான் கேப்பேன்."

மாஸ்டர்மேல் யாருக்கும் இரக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரக்கத்தை அதன் இடத்தில் வைத்தார்கள். மதிலிலிருந்து அவரை அழைத்துப்போனவர் ஆய்வாளர்தான். இப்போது அவருக்கு ஒரு பிரிவும் ஒரு சாட்சியும் கிடைத்திருந்தன. பாட்டு போடுகிறவள் காவல் நிலையத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை, எந்த மாதம், எதனால் அடி, தான் குமிழை எவ்வளவு திருப்பினாள் என்று பதினோரு வருடத்தையும் சொல்லி எழுதவைத்தாள். மாஸ்டருக்கு ஏழு ஆண்டுச் சிறை. அவளுக்கு எட்டு மாதம். வெளியே வந்ததும் ஐம்பத்து மூன்று வீடுகளுக்கும் போய்க் கதவைத் தட்டி, உங்கள் பிள்ளை அழுதபோது நான் அங்கே இருந்தேன் என்று சொன்னாள். நான்கு வீடுகளில் அவளை அறைந்தார்கள். தன்னை எந்த வகுப்பிலும் சேர்த்துவிட ஆளில்லாமல் வளர்ந்தவள் அவள். அந்த அடிகள் அவள் கன்னத்திலேயே விழுந்தன.

இரண்டு வருடம் கழித்து அதே மாடியில் புது டீச்சர் ஒருத்தி வகுப்புத் தொடங்கினாள். கதவைக் கீல்களோடு கழற்றிப் பம்புக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கட்டிலாக்கிக்கொண்டார். ஒரு பிள்ளையின் தோளைத் திருத்தவேண்டுமானால்கூட "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டாள், வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் தன் தோளில் செய்து காட்டினாள். எந்நேரமும் பெற்றோரில் இருவர் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், முறை வைத்து. முதல் ஆறு மாதம் அந்த இருவருமே தங்கள் கெண்டைக்கால்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். ஒன்றும் விழவில்லை. இந்த வகுப்பிலிருந்து இதுவரை நான்கு பேரல்ல, ஒரே ஒரு பெண்தான் தலைநகர மேடைக்குப் போயிருக்கிறாள்.

அது பட்டாணி அல்ல. அவள் போட்டிக்குப் போகவில்லை, ஆடுவதையும் விட்டுவிட்டாள். ஓட்டுநரின் இடுப்பு சரியாகப் பொருந்தவில்லை, பேருந்து ஓட்டத் தகுதியில்லை என்று பணிமனை மேலாளர் கோப்பில் எழுதி, தன் அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அதனால் மாலைகளில் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். தினமும் மகளிடம், இன்னிக்கு என்ன நடந்துச்சு என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்று அவள் சொன்னாள். ஏழு மாதம் இப்படியே போயிற்று. மனைவி, தினம் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றாள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டார். ஒரு புதன்கிழமை, அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று அவள் தானாகப் பேசினாள். பக்கத்து பெஞ்சுப் பெண் இவளுடைய பச்சைப் பென்சிலை எடுத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சாதித்தாளாம். அவ்வளவுதான் விஷயம். ஓட்டுநர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, வலிக்கிற இடுப்பைச் சரித்து உட்கார்ந்து, "மொதல்லேருந்து சொல்லு" என்றார். அவள் சொன்னாள். பென்சிலுக்கு அரைமணி நேரமாயிற்று. ஒரு இடத்திலும் அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கும் சொல்றேன்" என்றாள்.

அடி இடம் மாறி விழுவது இன்னும் நிற்கவில்லை. டான்ஸ் கிளாஸோடு அது முடிந்துபோகும் என்று நினைத்தார்கள். பாட்டு வகுப்பு, நாடகக் குழு, நீச்சல் குளம், பள்ளிக்கூடம் என்று அது பரவி, ஊரில் நிலைத்துவிட்டது. மருத்துவர் களிம்பு எழுதுவதை நிறுத்தி, அடி விழுந்த நேரத்தை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். சேர்க்கைப் படிவம் எதுவானாலும் மக்கள் நின்று நிதானமாகப் படிக்கிறார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், அறையையும் கதவையும் கற்றுக்கொடுப்பவரின் கைகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். எப்போதாவது, மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம், கடைத்தெருவில் காய்கறிப் பையோடு நடந்துபோகிற ஒருவர் சட்டென்று நின்று கன்னத்தைப் பிடிப்பார். கையை எடுத்தால் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கும். யாரும் அவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் பையை வாங்கிக்கொள்கிறார். அவர் பிள்ளை இருக்கும் இடத்தை நோக்கி ஓடத் தொடங்கியதும், முச்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழிவிடுகிறார். எவரும் ஹாரன் அடிப்பதில்லை.